ரயில்கார்டு எங்கள் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா?

கேள்வி: நாங்கள் தெற்கு லண்டனில், க்ராய்டனில் இருக்கிறோம். மகளுக்கு 15 வயது, வருகிற ஜனவரியில் 16 நிறைகிறது. மகனுக்கு 9. ஜூலையில் திருச்சியிலிருந்து மாமியார் வருகிறார், ஆறு மாதம் எங்களோடு இருப்பார். அவருக்கு 67 வயது, மூட்டு வலி உண்டு. என் அண்ணன் குடும்பம் மான்செஸ்டரில் இருக்கிறது. இதுவரை எங்கே போனாலும் கார்தான். மாமியாரை உட்கார வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் காரில் போவதை நினைத்தால் பயமாக இருப்பதால், இந்த வருடம் ரயிலில் போகலாம் என்று பார்க்கிறேன். கூட வேலை செய்கிற தோழி, ரயில் டிக்கெட்டில் தள்ளுபடி தருகிற ‘ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ ரயில்கார்டு வாங்கச் சொன்னார். கணவரோ, "பிள்ளைகளுக்கு ஏற்கெனவே அரை டிக்கெட்தானே, இதுக்கு வேற 35 பவுண்டு அழணுமா? ஜிம்முக்குப் பணம் கட்டிட்டுப் போகாம இருக்கிற கதைதான்" என்கிறார். அவர் தினமும் லண்டன் பிரிட்ஜுக்கு ரயிலில் வேலைக்குப் போகிறார். அதற்கு இந்தக் கார்டு உதவுமா? மூன்று வருடத்துக்கு வாங்கினால் லாபமா? மகளுக்கு 16 ஆனபின் என்ன செய்வது? எங்களுக்கு ஒரு முடிவு சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்குங்கள். ஒரு வருடக் கார்டு போதும். அதையும் இன்றைக்கே வாங்க வேண்டாம், மான்செஸ்டர் பயணத்துக்கு நாள் குறித்துவிட்டு வாங்குங்கள். காரணத்தைக் கணக்கோடு எழுதுகிறேன். உங்கள் கணவரும் படிக்கட்டும், ஏனென்றால் அவர் கேட்டிருப்பது நியாயமான கேள்வி. கார்டு வாங்கி ஒரே ஒரு தடவை பயன்படுத்திவிட்டு மறந்துபோகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். ஆனால் டிக்கெட் கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிற எனக்கு அதைவிட வருத்தம் தருவது, இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நான்கு பேருக்கும் முழுப் பணம் கட்டிவிட்டுப் போகிற குடும்பங்கள்தான். அப்படிப்பட்ட பலருக்குக் கார்டின் விலை அந்த ஒரே பயணத்தில் திரும்பி வந்திருக்கும்.

முதலில் அரை டிக்கெட் விஷயம். 5 வயதிலிருந்து 15 வயது வரை பாதிக் கட்டணம் என்பது எல்லோருக்கும் பொது, அதற்குக் கார்டு வேண்டாம். 5 வயதுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம். உங்கள் கணவர் சொல்வதில் அதுவரை சரி. அவர் பார்க்காமல் விட்டது, இந்தக் கார்டு அந்தப் பாதிக் கட்டணத்தின் மீது இன்னும் 60 சதவீதம் குறைக்கிறது என்பதை. பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. பெரியவர் டிக்கெட் 100 பவுண்டு என்றால் பிள்ளைக்கு 50, கார்டு இருந்தால் வெறும் 20. ஆகக் கார்டோடு போகிற ஒரு பிள்ளை, பெரியவர் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் கொடுக்கிறது. பெரியவர்களுக்குக் கிடைக்கும் மூன்றில் ஒரு பங்குதான் எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. ஆனால் குடும்பங்களுக்கு இந்தக் கார்டு கட்டுப்படியாவது பிள்ளைகளின் டிக்கெட்டால்தான்.

ஒரு பயணத்தை வைத்துப் பார்ப்போம். நீங்கள் போகிற ஊருக்குப் பெரியவருக்குப் போக வர 45 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள், கணவர், இரண்டு பிள்ளைகள். கார்டு இல்லையென்றால் பெரியவர்களுக்கு 90, பிள்ளைகளுக்கு 45, மொத்தம் 135 பவுண்டு. கார்டு இருந்தால் பெரியவர்களுக்குத் தலைக்கு 30 வீதம் 60, பிள்ளைகளுக்குத் தலைக்கு 9 வீதம் 18, மொத்தம் 78. மிச்சம் 57 பவுண்டு. கார்டுக்குக் கொடுத்த 35 போக 22 பவுண்டு கையில் நிற்கிறது, அதுவும் முதல் பயணத்திலேயே. மாமியாரும் சேர்ந்தால் இன்னும் 15 பவுண்டு மிச்சம்.

இதையே திருப்பிப் போட்டால் ஒரு வரம்பு கிடைக்கும். உங்களைப் போல இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு, பெரியவர் டிக்கெட் 28 பவுண்டு ஆகிற ஒரே ஒரு பயணம் போதும், 35 பவுண்டு வந்துவிடும். அம்மாவும் ஒரு பிள்ளையும் மட்டும் என்றால் 56 பவுண்டு டிக்கெட் வேண்டும், அல்லது சின்னச் சின்னப் பயணங்கள் பல வேண்டும். பிரைட்டன் கடற்கரைக்கு ஒரு நாள் போய்வரப் பெரியவருக்கு 15 பவுண்டு என்று கொண்டால், நான்கு பேருக்கு 45 ஆக வேண்டியது 26 ஆகும், 19 மிச்சம். அப்படி இரண்டு தடவை கடலுக்குப் போனாலே கார்டின் விலை தேறிவிடும். இந்த எண்கள் உங்களுக்குக் கணக்குப் புரிவதற்காக நான் போட்டவை. நீங்கள் போகும் நாளின் விலையை எடுத்து இதே மாதிரி ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது, உங்கள் கணவர் தினமும் போகிற பயணம். அதற்கு இந்தக் கார்டு ஒரு பைசாவுக்கும் உதவாது. அதைக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். வேலைக்குப் போகும்போது கூடப் பிள்ளை வராது, அதோடு முடிந்தது பேச்சு. சீசன் டிக்கெட்டுக்கும் செல்லாது. லண்டனுக்குள் போய்வரத் தட்டுகிற ஆய்ஸ்டர் கார்டில் ஏற்றவும் முடியாது. சீனியர் ரயில்கார்டு, 16-25 ரயில்கார்டு போன்றவற்றை ஆய்ஸ்டரோடு இணைக்கலாம், குடும்பக் கார்டுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் லண்டனுக்குள் நீங்கள் போய்வருகிற எதையும் விட்டுவிடுங்கள். ஹைகேட் முருகன் கோவிலுக்கோ ஈஸ்ட் ஹாம் கடைவீதிக்கோ போவதெல்லாம் இதில் வராது. அங்கே பிள்ளைகளுக்கு வேறு சலுகைகள் இருக்கின்றன. 11 வயது ஆகாத பிள்ளைகள் பெரியவரோடு சுரங்க ரயிலில் இலவசமாகப் போகலாம், 11 முதல் 15 வரை உள்ளவர்களுக்கு ஸிப் ஆய்ஸ்டர் என்ற சலுகைக் கார்டு இருக்கிறது. உங்கள் மகளிடம் அது ஏற்கெனவே இருக்கும்.

இந்த இடத்தில் க்ராய்டன்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஈஸ்ட் க்ராய்டனிலிருந்து கேட்விக் விமான நிலையத்துக்கு வங்கிக் கார்டைத் தட்டியே போகலாம். ஊரிலிருந்து வருகிறவரை அழைத்துவரக் குடும்பமே கிளம்பும். அப்பா தன் கார்டைத் தட்டுவார், அம்மா தன்னுடையதை, பிள்ளைக்கு வீட்டில் கிடக்கிற இன்னொரு வங்கிக் கார்டு. கேட் திறந்துவிடும், எல்லாம் சரியாக நடந்த மாதிரியே இருக்கும். ஆனால் வங்கிக் கார்டுக்குத் தட்டுகிறவரின் வயது தெரியாது, பிள்ளைக்கும் பெரியவர் கட்டணத்தையே எடுத்துக்கொள்ளும். ரயில்கார்டு தள்ளுபடியும் கிடைக்காது. மாமியாரை அழைக்கப் பிள்ளைகளோடு போவதாக இருந்தால் தட்டாதீர்கள். இயந்திரத்திலோ கவுன்டரிலோ ஆன்லைனிலோ டிக்கெட்டாக வாங்குங்கள். கார்டு கையில் இருக்கிற நாளாக இருந்தால் தள்ளுபடியோடு வாங்குங்கள். திரும்பி வருகையில் ஆளுக்கு ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு, பேசிச் சிரித்துக்கொண்டு, மறந்துபோய்த் தட்டிவிடுகிறவர்களும் உண்டு. போக வர டிக்கெட்டாக எடுத்துவிட்டால் அந்த வம்பே இல்லை.

இனி இந்தக் கார்டின் உயிர்நாடியான விதிக்கு வருகிறேன். பெயரில் குடும்பம், நண்பர்கள் என்றெல்லாம் இருந்தாலும் இது உண்மையில் பிள்ளையோடு போகிறவர்களுக்கான கார்டு. கூட்டத்தில் குறைந்தது ஒரு பிள்ளையாவது, 5 முதல் 15 வயதுக்குள், அந்தப் பயணம் முழுக்கக் கூட இருக்க வேண்டும். கார்டில் பெயர் உள்ளவர் ஒருவரும் கூட இருக்க வேண்டும். அந்த இரண்டும் சரியாக இருந்தால் நான்கு பெரியவர்கள், நான்கு பிள்ளைகள் வரை ஒரே கார்டில் போகலாம். அவர்கள் உறவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பக்கத்து வீட்டுக் குடும்பம் உங்களோடு வந்தாலும் அவர்களுக்கும் தள்ளுபடிதான்.

கவுன்டரில் இதைக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். சிக்கல் பிறகுதான் வரும். உதாரணமாக, பள்ளி விடுமுறைக்கு மகனை உங்கள் அண்ணன் வீட்டில் ஒரு வாரம் விட்டுவிட்டு வரலாம் என்று கிளம்புகிறீர்கள். போகும்போது நீங்களும் மகனும், தள்ளுபடி உண்டு. அவனை விட்டுவிட்டு நீங்கள் தனியாகத் திரும்பும்போது தள்ளுபடி கிடையாது. அடுத்த வாரம் அவனைக் கூட்டிவர நீங்கள் போகும்போதும் கிடையாது, அழைத்துக்கொண்டு வரும்போது மறுபடி உண்டு. இதைத் தெரியாமல் போக வரத் தள்ளுபடியோடு டிக்கெட் எடுத்துவிட்டு, திரும்பும் ரயிலில் பரிசோதகரிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிற பெற்றோர்கள் உண்டு. ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்குத் துளியும் இருக்காது. ஆனால் பரிசோதகர் பார்ப்பது டிக்கெட்டையும் எதிரே இருக்கும் ஆட்களையும்தான். அதே மாதிரி நீங்களும் கணவரும் மட்டும் ஒரு கல்யாணத்துக்குப் போனால் இந்தக் கார்டு வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

கார்டில் இரண்டு பேரின் பெயரைப் போடலாம். நிறையப் பேர் தன் பெயரை மட்டும் போட்டுவிட்டு இரண்டாவது இடத்தைக் காலியாக விடுகிறார்கள். அப்படி விடாதீர்கள். யாரைப் போடுவது என்பது, பிள்ளைகளை யார் தனியாக அழைத்துப் போவார்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் வீட்டில் உங்கள் பெயரும் கணவர் பெயரும் இருந்தால் சரியாக இருக்கும். மாமியார் பெயர் வேண்டாம். உங்களில் ஒருவரோடு வரும்போது அவருக்குத் தானாகவே தள்ளுபடி கிடைக்கிறது, மூட்டு வலியோடு பேரனை மட்டும் கூட்டிக்கொண்டு அவர் நீண்ட ரயில் பயணம் போகப்போவதில்லை.

நேரக் கட்டுப்பாடு ஒன்று இருக்கிறது. லண்டன், தென்கிழக்கு இங்கிலாந்து வட்டாரத்துக்குள்ளேயே தொடங்கி முடிகிற பயணத்துக்கு, திங்கள் முதல் வெள்ளி வரை காலை நெரிசல் நேரத்தில் கார்டு செல்லாது. பிரைட்டன் இந்த வட்டாரத்துக்குள் வருகிறது. பள்ளி விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போவதென்றால் பிள்ளைகளைக் கொஞ்சம் தூங்கவிட்டு, கூட்டம் குறைந்த பிறகு கிளம்புங்கள். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் இந்தத் தொல்லை இல்லை. மான்செஸ்டருக்கு இந்த விதி பொருந்தாது, ஏனென்றால் அது வட்டாரத்தைத் தாண்டிப் போகிற பயணம். ஆனால் டிக்கெட்டுக்கு என்று தனி நேர விதி இருக்கும், நெரிசல் இல்லாத நேரத்துக்கான ஆஃப்-பீக் டிக்கெட் எடுத்தால் அது எந்த நேரத்திலிருந்து செல்லும் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே எடுக்கிற அட்வான்ஸ் டிக்கெட் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கானது, அதற்கும் தள்ளுபடி உண்டு.

மகளுக்கு 16 நிறையும் ஜனவரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தப் பிறந்தநாளிலிருந்து ரயிலுக்கு அவள் பெரியவள். மேலே சொன்ன 45 பவுண்டு பயணத்தில் அதுவரை 9 பவுண்டுக்கு வந்தவளுக்கு, அதன்பின் குடும்பக் கார்டோடு 30 பவுண்டு ஆகும். ஒரே இரவில் மூன்று மடங்குக்கு மேல். தம்பி கூட வருகிற வரைக்கும் அவளுக்கும் அந்த மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி கிடைக்கும், ஏனென்றால் கூட்டத்தில் பிள்ளையாக அவன் இருக்கிறான். ஆனால் தலைக்கணக்கைக் கவனியுங்கள். நீங்கள், கணவர், மாமியார், மகள் என்று பெரியவர்கள் நான்கு பேர் ஆகிவிடுவீர்கள். கார்டின் வரம்பு அதோடு நிரம்பிவிடும். உங்கள் அண்ணனும் கூட வந்தால் அவருக்கு முழு டிக்கெட்தான்.

16, 17 வயதுக்காரர்களுக்கென்று ‘16-17 சேவர்’ என்று ஒரு கார்டு இருக்கிறது. அதுவும் 35 பவுண்டுதான், ஆனால் பெரியவர் கட்டணத்தில் பாதி. நெரிசல் நேரத்திலும் செல்லும், சீசன் டிக்கெட்டுக்கும் செல்லும். அதே பயணத்தில் அவளுக்கு 22.50 பவுண்டு ஆகும். குடும்பக் கார்டில் ஆகிற 30-க்கும் இதற்கும் வித்தியாசம் ஏழரை பவுண்டு. வெறும் குடும்பப் பயணங்களுக்காக இதை வாங்கினால், அந்த அளவுப் பயணம் ஐந்து தடவை போனால்தான் விலை திரும்பும். அதற்காக வாங்காதீர்கள். ஆனால் அவள் செப்டம்பருக்குப் பிறகு ரயிலில் போய்வருகிற கல்லூரியில் சேர்ந்தால், அல்லது மாமா வீட்டுக்குத் தனியாகப் போக ஆரம்பித்தால், அப்போது தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். தனியாகப் போகிற பிள்ளைக்குக் குடும்பக் கார்டால் எந்தப் பயனும் இல்லை, இந்தக் கார்டுதான் துணை. சேர்ந்து போகும்போது அவள் தன்னுடைய கார்டிலும் நீங்கள் உங்கள் கார்டிலும் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஒரே பெட்டியில் உட்காரலாம், அதில் தடை ஒன்றும் இல்லை.

"16 ஆனா என்ன, பார்த்தா சின்னப் பிள்ளை மாதிரிதானே இருக்கா, அப்படியே அரை டிக்கெட் எடுத்துட்டுப் போ" என்று சொல்கிற உறவினர் எல்லார் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அதைக் கேட்காதீர்கள். செல்லாத டிக்கெட்டோடு மாட்டினால் இங்கிலாந்தில் அபராதம் 100 பவுண்டு, அதற்கு மேல் அந்தப் பயணத்தின் ஒருவழிக் கட்டணம். 21 நாளுக்குள் கட்டினால் அபராதம் 50 ஆகக் குறையும், அவ்வளவுதான் இரக்கம். பணத்தைவிட எனக்குக் கவலை, தன் வயதைப் பற்றிப் பொய் சொல்லச் சொல்லி அந்தப் பெண்ணைச் சீருடைக்காரர் முன்னால் நிறுத்துவது. பரிசோதகர் பெற்றோரிடம் கேட்க மாட்டார், அவளிடம்தான் பிறந்த தேதியைக் கேட்பார்.

மூன்று வருடக் கார்டின் விலை 80 பவுண்டு. ஒரு வருடக் கார்டை மூன்று தடவை வாங்கினால் 105 ஆகும் என்பதால் 25 பவுண்டு மிச்சம். உங்கள் மகனுக்கு 9 வயதுதான், மூன்று வருடம் கழித்தும் அவன் பிள்ளைக் கணக்கில்தான் இருப்பான். அந்த வகையில் உங்களுக்கு அது பொருந்தும். (கடைசிப் பிள்ளைக்கே 13, 14 ஆகிவிட்ட வீடுகள் மூன்று வருடக் கார்டுப் பக்கம் போகவே கூடாது.) இருந்தும் முதல் தடவை ஒரு வருடம் போதும் என்று சொல்வதற்குக் காரணம், நீங்கள் இதுவரை கார்க்காரக் குடும்பம். ரயில் உங்களுக்குப் பழகுமா, கணவருக்குப் பிடிக்குமா என்று ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். பிடித்திருந்தால் அடுத்த வருடம் மூன்று வருடத்துக்குப் போங்கள். 2025 மார்ச்சில்தான் ஒரு வருடக் கார்டை 30 பவுண்டிலிருந்து 35 ஆக ஏற்றினார்கள். விலை ஏறிவிடும் என்ற பயத்தில் பயன்படாத வருடங்களுக்குப் பணம் கட்டுவது நல்லதல்ல.

இப்போது நான் முதலில் சொன்ன ‘இன்றைக்கே வாங்காதீர்கள்’ என்பதற்கு வருகிறேன். கார்டின் வருடம் நீங்கள் குறிக்கிற தொடக்க நாளிலிருந்து ஓட ஆரம்பிக்கும். இப்போது வாங்கிவிட்டு ஆகஸ்டில்தான் முதல் பயணம் என்றால் நடுவில் உள்ள மாதங்கள் வீண். அதே சமயம் தொடக்க நாளைக் கவனமாக வைத்தால் ஒரே கார்டில் இரண்டு கோடை விடுமுறையைப் பிடிக்கலாம். பள்ளிகள் ஜூலை கடைசி வாரத்தில் மூடுகின்றன. ஆகஸ்ட் 10-ஆம் தேதி கிளம்புவதாக வைத்து அன்றிலிருந்து கார்டைத் தொடங்கினால், அடுத்த வருடம் ஆகஸ்ட் 9 வரை செல்லும். அடுத்த கோடையில் ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் முதல் வாரத்திலோ போனால், அந்தப் பயணத்துக்கும் இதே கார்டு போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், திரும்பி வரும் நாளிலும் கார்டு உயிரோடு இருக்க வேண்டும். போகும்போது செல்லுபடியாகி, வரும்போது காலாவதியாகிப்போன கார்டைப் பரிசோதகர் ஏற்கமாட்டார்.

டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுங்கள். அட்வான்ஸ் டிக்கெட்டுகள் பெரும்பாலும் பயணத்துக்குச் சுமார் 12 வாரம் முன்பு விற்பனைக்கு வரும், மலிவானவை முதலில் தீர்ந்துவிடும். ரயில் நிறுவனங்களின் சொந்த இணையதளங்களில் வாங்கினால் முன்பதிவுக் கட்டணம் இல்லை, சில தனியார் செயலிகள் ஒரு தொகையைச் சேர்க்கும். எந்த ரயில் நிறுவனத்தின் தளத்திலும் எந்த நிறுவனத்தின் ரயிலுக்கும் டிக்கெட் வாங்கலாம். மான்செஸ்டர் ரயில் கிளம்புகிற லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து மட்டும் விலை பார்க்காமல், ஈஸ்ட் க்ராய்டனிலிருந்து மான்செஸ்டர் பிக்காடிலி வரை ஒரே டிக்கெட்டாகவும் கேட்டுப் பாருங்கள். நடுவில் லண்டனைக் கடக்கிற சுரங்க ரயிலும் அதிலேயே அடங்கும், முழுத் தொகைக்கும் தள்ளுபடி கிடைக்கும்.

கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டுக்குப் போகிற எண்ணம் இருந்தால், டிசம்பர் 25 அன்று நாடு முழுக்க ரயில் ஏறக்குறைய ஓடாது, 26 அன்றும் மிகக் குறைவு. அந்த வாரத்தில் தண்டவாளப் பராமரிப்பு வேலைகளும் நடக்கும். முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடுங்கள், அல்லது அந்த ஒரு தடவை காரிலேயே போங்கள்.

காரா ரயிலா என்ற கேள்வியில் பெட்ரோல் செலவை மட்டும் பார்த்தால் ஐந்து பேர் போகும்போது கார் பல நேரம் மலிவாகத்தான் இருக்கும், கார்டு இருந்தாலும் கூட. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மான்செஸ்டரில் இறங்கியதும் அண்ணன் வந்து அழைத்துப்போவார் என்பதால் உங்களுக்கு ரயில் ஒத்துவருகிறது. பர்மிங்காம் பக்கம் டிவிடேலில் இருக்கிற பாலாஜி கோவிலுக்கு மாமியாரைக் கூட்டிப்போக நினைத்தால், சாண்ட்வெல் அண்ட் டட்லி நிலையத்தில் இறங்கி அங்கிருந்து டாக்ஸி பிடிக்க வேண்டும், ஐந்து பேர் என்பதால் பெரிய வண்டியாகப் பார்க்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கார்டு வாங்கிவிட்டோமே என்பதற்காக, காரில் போனால் சுலபமாக இருக்கிற ஊருக்கெல்லாம் ரயிலில் போகாதீர்கள். 35 பவுண்டை மீட்கப் போய் 200 பவுண்டு செலவழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் மனதில் நின்றது மாமியாரின் மூட்டு வலிதான். காரில் காலை மடக்கியபடி மணிக்கணக்காக உட்கார்ந்து, சர்வீஸ் ஸ்டேஷன் வரும்வரை கழிவறைக்கும் போக முடியாமல் வருகிற 67 வயது அம்மாவுக்கு, எழுந்து நாலடி நடக்க முடிகிற ரயில் எவ்வளவோ தேவலை. மேஜை போட்ட நான்கு இருக்கைகளாகக் கேட்டு முன்பதிவு செய்யுங்கள், அட்வான்ஸ் டிக்கெட்டோடு இருக்கை முன்பதிவு இலவசம். ‘பாசஞ்சர் அசிஸ்ட்’ என்று ஓர் இலவச உதவி இருக்கிறது. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை சொல்லலாம், முதல் நாளே சொல்லிவிட்டால் நிம்மதி. யூஸ்டனில் சக்கர நாற்காலியில் பிளாட்பாரம் வரை அழைத்துப்போய் ரயிலில் ஏற்றிவிடுவார்கள், மான்செஸ்டரில் இறங்கவும் ஆள் நிற்கும். ஊனமுற்றோருக்கு மட்டும்தான் இது என்று நினைத்து நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். வயதானவர்கள், தற்காலிகமாக நடக்கச் சிரமப்படுகிறவர்கள், யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

கார்டை டிஜிட்டலாக எடுத்தால் அது போனில் இருக்கும். டிக்கெட் காட்டும்போது கார்டையும் காட்ட வேண்டும். கணவர் போனில் கார்டு, அவர் இரண்டு பெட்டி தள்ளி காபி வாங்க வரிசையில் நிற்கிறார், பரிசோதகர் உங்கள் எதிரில் நிற்கிறார் என்றால் சங்கடம். போன் சார்ஜ் தீர்ந்துபோனாலும் அதே கதிதான், கார்டைக் காட்ட முடியாவிட்டால் இல்லாததாகவே எடுத்துக்கொள்வார்கள். போன் விஷயத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள் நிலையத்துக்கு வந்து அட்டையாகவே வாங்கிக்கொள்ளலாம்.

மாமியாருக்குத் தனியாகச் சீனியர் ரயில்கார்டு வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். 60 வயது ஆனவர்கள் எவரும் வாங்கலாம், இந்த நாட்டிலேயே வசிக்க வேண்டும் என்று இல்லை. அதுவும் வருடத்துக்கு 35 பவுண்டுதான், தள்ளுபடியும் மூன்றில் ஒரு பங்குதான். பிள்ளைகளோடு வருகிற பயணங்களில் உங்கள் கார்டே அவருக்கு அதைத் தந்துவிடுகிறது. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நாட்களில் நீங்களும் அவரும் மட்டும் உறவினர் வீடுகளுக்கோ கோவில்களுக்கோ வெளியூர் போவதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். அந்த ஆறு மாதத்தில் அவருடைய டிக்கெட்டுகள் மட்டும் 105 பவுண்டைத் தாண்டும் என்று தோன்றினால் வாங்கலாம், இல்லையென்றால் வேண்டாம். நீங்கள், கணவர், மாமியார் மூவரும் பிள்ளைகள் இல்லாமல் கிளம்புகிற நாளில் எந்தக் கார்டும் இல்லாமலே ‘குரூப்சேவ்’ என்று கேளுங்கள், பல ரயில் நிறுவனங்களில் சேர்ந்து போகிற மூன்று முதல் ஒன்பது பெரியவர்களுக்கு ஆஃப்-பீக் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கொடுக்கிறார்கள். சீனியர் கார்டு வாங்குவதாக முடிவு செய்தால் அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டு கவுன்டருக்கு வாருங்கள், அங்கேயே வேலை முடிந்துவிடும்.